வீட்டுக்குள் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்: ஃப்ரீபிபிஎக்ஸ் முதல் பாடம்

இங்கே டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் நிறைய வீடுகளில் முன்வீடு, மாடி, பின்னால் அவுட்பில்டிங் என்று ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு மூன்று குடும்பம் இருக்கும். ஃபைபர் வந்த பிறகு பழைய செம்புக் கம்பி லைனை எடுத்துவிட்டவர்கள் பலர். ஆனால் ஆயாவுக்குக் கைப்பழக்கம் பட்டன் போன்தான். ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற இலவச மென்பொருள் ஒரு பழைய கணினியை வீட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக மாற்றும். அதை வைத்து அந்தப் போனையே இன்டர்நெட்டில் ஓட்டி, மாடிக்கும் அவுட்பில்டிங்குக்கும் காசில்லாமல் பேச வைக்கலாம். கொஞ்சம் பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம்.

ஒரே ஒரு ஒழுங்கை மட்டும் கடைப்பிடியுங்கள்: முதலில் வீட்டுக்குள் பேச்சு, வெளி லைன் கடைசி. புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் இணைத்துவிட்டு, எங்கே கோளாறு என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள்.

தேவையானவை

64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசஸர் உள்ள பழைய கணினி ஒன்று, 4 ஜிபி ராம் இருந்தால் தாராளம். ராஸ்பெர்ரி பை வேண்டாம். ஃப்ரீபிபிஎக்ஸ் 17-இன் நிறுவல் ஸ்கிரிப்ட் அதில் ஓடாது. சாதாரண போனை நெட்வொர்க்கில் சேர்க்க ஏடிஏ என்ற சின்னப் பெட்டி வேண்டும். ஒரு போனுக்கு கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 போதும், இரண்டு போன் என்றால் எச்டி802. மற்றவர்கள் கைபேசியில் லின்போன் செயலியைப் போட்டுக்கொள்ளலாம்.

படி 1: நிறுவுதல்

கணினியில் டெபியன் 12 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுங்கள். என்னென்ன வேண்டும் என்று கேட்கும் இடத்தில் டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டு, வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரை மட்டும் டிக் செய்யுங்கள். பிறகு ஃப்ரீபிபிஎக்ஸின் அதிகாரப்பூர்வ நிறுவல் ஸ்கிரிப்ட்டை ரூட் (முழு அதிகாரம் உள்ள) பயனராக ஓட்டுங்கள். அது ஆஸ்டரிஸ்க் உட்பட எல்லாவற்றையும் தானே போட்டுக்கொள்ளும். அழைப்புகளை நடத்துவது ஆஸ்டரிஸ்க்; அதற்கு முகம் கொடுப்பதுதான் ஃப்ரீபிபிஎக்ஸ். அப்புறம் ரூட்டருக்குள் போய் இந்தக் கணினிக்கு மாறாத ஐபி முகவரி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: எக்ஸ்டென்ஷன்

பிரவுசரில் அந்த ஐபியைத் திறந்து அட்மின் கணக்கு உருவாக்குங்கள். ‘ஆஸ்டரிஸ்க் சிப் செட்டிங்ஸ்’ பக்கத்தில் நெட்வொர்க்கைக் கண்டறியும் பட்டனை அழுத்துங்கள். சிப் என்பது இன்டர்நெட் போன்கள் அழைப்பை இணைக்கப் பேசும் மொழி. கோடெக் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) பட்டியலில் ஏ-லாவை மேலே வையுங்கள். தென்னாப்பிரிக்க லைன்களில் புழங்குவது அதுதான். ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 87 கிலோபிட் போகும், ஃபைபருக்கு அது ஒன்றுமே இல்லை.

எக்ஸ்டென்ஷன் என்பது ஒவ்வொரு போனுக்குமான உள் எண். அதைச் சேர்க்கும்போது பிஜேசிப் வகையையே தேர்ந்தெடுங்கள். பழைய வழிகாட்டிகள் பல சான்-சிப் என்று சொல்லும். அது ஆஸ்டரிஸ்க் 21-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. எண்களை 201, 202 என்று தொடங்குங்கள். 1-இல் தொடங்காதீர்கள்: போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, கைபேசி அவசர எண் 112 எல்லாம் 1-இல்தான் தொடங்குகின்றன. பாஸ்வேர்டு தானாகவே நீளமாக வரும், அதைச் சுருக்காதீர்கள். கடைசியில் மேலே தெரியும் சிவப்பு ‘அப்ளை கான்ஃபிக்’ பட்டனை அழுத்தினால்தான் எதுவும் நடைமுறைக்கு வரும்.

லின்போனில் 201-ஐப் பதிவு செய்து, நட்சத்திரம் 43 போடுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே திரும்பிக் கேட்டால் சர்வர் சரி. கைபேசியில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி சேமிப்பை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் திரை அணைந்த பிறகு மணி அடிக்காது.

படி 3: ஆயாவின் போன்

ஏடிஏவை ரூட்டரில் சொருகி, போனை அதில் மாட்டுங்கள். ரிசீவரை எடுத்து நட்சத்திரத்தை மூன்று முறை அழுத்தி, பிறகு 02 அழுத்தினால், பெட்டியே தன் ஐபி முகவரியை ஆங்கிலத்தில் ஒவ்வொரு இலக்கமாகப் படிக்கும். பேனாவோடு உட்காருங்கள். அந்த முகவரியை பிரவுசரில் திறந்து, போன் போர்ட் பக்கத்தில் சர்வர் ஐபி, 202, பாஸ்வேர்டு கொடுங்கள். 201-இலிருந்து 202-ஐக் கூப்பிட்டால் அந்தப் பழைய போன் மணி அடிக்கும். கேட்கவே சந்தோஷமாக இருக்கும்.

படி 4: வெளி லைன்

வீட்டுக்குள் சில நாள் நன்றாக ஓடிய பிறகே இதைத் தொடுங்கள். இன்டர்நெட் போன் நிறுவனத்திடம் 031-இல் தொடங்கும் எண்ணும் பிரீபெய்டு கணக்கும் வாங்கி, வெளி லைன்களுக்கான ‘டிரங்க்ஸ்’ பக்கத்தில் அவர்கள் தந்த விவரங்களை நிரப்புங்கள். நம் சர்வரே வெளியே போய்ப் பதிவு செய்துகொள்வதால் ரூட்டரில் சிப் அழைப்புகளுக்கான 5060 போர்ட்டைத் திறக்கவே வேண்டியதில்லை. திறக்கவும் கூடாது. திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே உலகின் எங்கிருந்தோ தானியங்கி நிரல்கள் பாஸ்வேர்டை ஊகிக்க ஆரம்பிக்கும். நுழைந்துவிட்டால் விலை அதிகமான வெளிநாட்டு எண்களுக்கு இரவெல்லாம் பேசி, பில்லை உங்கள் தலையில் கட்டுவார்கள். வெளியூரிலிருந்து சேர வேண்டுமானால் வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய வைக்கும் வயர்கார்ட் விபிஎன் வழியாக வாருங்கள்.

வெளியே போகும் அழைப்புகளுக்கான ‘அவுட்பவுண்ட் ரூட்ஸ்’ பக்கத்தில் 0-வில் தொடங்கும் பத்து இலக்க எண்களை மட்டும் அனுமதியுங்கள். இரண்டாவது இலக்கம் 1 முதல் 9 வரை என்று வைத்தால், 00-இல் தொடங்கும் வெளிநாட்டு அழைப்புகள் தானாக அடைபடும். சென்னைக்குப் பேச வேண்டுமானால் 0091-க்குத் தனி ரூட் வைத்து, அதற்கு ஒரு பின் போடுங்கள்.

நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லையா? ‘குரலை இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று நம் சர்வர் சொல்லும் இடத்தில் 192.168 என்ற வீட்டு முகவரி போயிருக்கும். வெளியே இருப்பவருக்கு அது சென்று சேராத விலாசம். படி 2-இல் பார்த்த பக்கத்தில் வெளி ஐபி சரியா என்று பாருங்கள். அடுத்து, சிப் அழைப்புகளில் ரூட்டர் தலையிட வைக்கும் ‘சிப் ஏஎல்ஜி’ வசதியை ரூட்டரில் அணையுங்கள், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

மின்வெட்டு

லோட் ஷெடிங் பட்ட நமக்கு இது தெரியும்: கரன்ட் போனால் ஃபைபர் பெட்டி, ரூட்டர், சர்வர், ஏடிஏ நான்குமே அணையும். நான்குக்கும் யூபிஎஸ் வையுங்கள். தெருவில் உள்ள ஃபைபர் பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால், நிறுவனத்தின் பக்கம் பேக்கப் இருக்கும்வரை லைன் வரும். அப்படியே இருந்தாலும் அவசரத்துக்கு இந்தப் போனை மட்டும் நம்பாமல், சார்ஜ் உள்ள கைபேசி ஒன்றை ஆயாவின் அருகில் வையுங்கள்.

இதற்குப் பிறகு விளையாட நிறைய இருக்கிறது. வாய்ஸ்மெயில் வாழ்த்தைத் தமிழில் பதியலாம். நட்சத்திரம் 68 போட்டு எழுப்பும் அழைப்பு வைக்கலாம். புரட்டாசி சனிக்கிழமை விடியலுக்கு அது மிகவும் உதவும். எதை மாற்றுவதற்கு முன்பும் ‘பேக்கப்’ பக்கத்தில் ஒரு நகல் எடுத்து, பென்டிரைவில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.