555 டைமர் கணக்கு தப்புதா? சார்ஜர மாத்துறதுக்கு முன்னாடி இத பாருங்க

போன தீபாவளிக்கு காரிடார்ல ஓடுற லைட் வைக்கலாம்னு ஒரு 555 (தாளம் மாதிரி துடிப்பு குடுக்குற டைமர் ஐசி), ஒரு 4017 (ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்த லைட்டுக்கு மாறுற கவுண்டர் ஐசி), பத்து எல்இடி வாங்கி பிரெட்போர்ட்ல, அதாவது சால்டர் பண்ணாம வயர குத்தி கட்டுற பலகைல, கட்டினேன். லைட் ஓடுச்சு, ஆனா மூனுக்கப்புறம் நாலு வராம அஞ்சுக்கு தாவிடும், சில நேரம் ஒழுங்கா போகும், திரும்பவும் தாவும். பவர் குடுத்த பழைய போன் சார்ஜர்தான் காரணம்னு வேற சார்ஜர் போட்டேன், அதுக்கப்புறம் இன்னொன்னு, மூனுலயும் அதே கூத்து. கடைசில பார்த்தா குழப்பம் பண்ணது 555ஏதான்.

சாதாரண என்இ555, 1972ல வந்த அதே டிசைன், அதோட அவுட்புட்ல மேல ஒரு டிரான்சிஸ்டர், கீழ ஒன்னு இருக்கு. மாறுற அந்த நொடிக்குள்ள நொடில ரெண்டும் சேர்ந்தே ஆன் ஆயிடும், சப்ளையும் கிரவுண்டும் நேரா சேர்ந்த மாதிரி, நூறு மில்லிஆம்பியருக்கு மேலயும் இழுக்கும். பிரெட்போர்டோட நீள வயர்ல அவ்ளோ வேகமா கரண்ட் வந்து சேராது, வோல்ட்டேஜ் சட்டுனு விழுந்து ஏறும், அத 4017 இன்னொரு கிளாக் துடிப்புனு எண்ணிக்கும்.

மொதல்ல நாலு டபுள்ஏ பேட்டரில, அதாவது 6 வோல்ட்ல ஓட்டிப் பாருங்க. அதுலயும் தாவுனா சார்ஜர திட்டாதீங்க. பாதி தீர்ந்த 9 வோல்ட் பேட்டரிய இந்த டெஸ்ட்டுக்கு எடுக்காதீங்க, அதோட உள்தடையே பிரச்சினைய இன்னும் பெருசாக்கும்.

அடுத்து, 104னு போட்ட செராமிக் கெபாசிட்டர், அதாவது 0.1 மைக்ரோஃபாரட், 555ஓட 8ஆம் பின்னுக்கும் (சப்ளை) 1ஆம் பின்னுக்கும் (கிரவுண்ட்) நடுவுல போடுங்க. ரெண்டு பின்னும் ஐசியோட வெட்டு இருக்கிற பக்கம் எதிரெதிரா இருக்கும், அதனால கெபாசிட்டர் கால கட்டையா வெட்டி ஐசி தலைக்கு மேலயே பாலம் மாதிரி வைக்கலாம். இதுதான் முக்கியம் லா, போர்டோட ஓரத்துல எங்கயோ போட்டுட்டு நானும் போட்டேன்னு சொன்னா அது போடாத மாதிரிதான், நான் மொதல்ல அப்படித்தான் பண்ணேன். பக்கத்துலயே 47 இல்லன்னா 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்னும் வைங்க, கோடு போட்ட பக்கம் கிரவுண்டுக்கு. பெருசு நிறைய சேத்து வைக்கும் ஆனா மெதுவா குடுக்கும், சின்னது கொஞ்சம்தான் வைக்கும் ஆனா உடனே குடுக்கும், ரெண்டும் வேணும்.

5ஆம் பின்ன சும்மா தொங்க விடாதீங்க. உள்ள மூனு 5 கிலோஓம் ரெசிஸ்டர் சப்ளைய மூனா பிரிச்சு, 1/3, 2/3 அளவுல எப்போ மாறணும்னு முடிவு பண்ணுது, அந்த 2/3 இடம்தான் 5ஆம் பின். சப்ளைல வர்ற துள்ளல் அங்க போனா டைமிங்கே ஆடும். 103 ஒன்னு, அதான் 0.01 மைக்ரோ, அங்கேர்ந்து கிரவுண்டுக்கு. ரீசெட் யூஸ் பண்ணலன்னா 4ஆம் பின்ன நேரா 8க்கு கட்டிடுங்க. சில பிரெட்போர்ட்ல ஓரத்து சப்ளை வரிசை நடுவுல வெட்டி இருக்கும், அதையும் மீட்டர் வச்சு பாருங்க.

ரிலே (காயில் வச்சு இயங்குற சுவிட்ச்) இருந்தா காயிலுக்கு குறுக்கே 1என்4007 டயோடு, கோடு இருக்கிற முனை ப்ளஸ்ல. மோட்டாருக்கும் ரிலேக்கும் சப்ளை வயர சார்ஜர் முனைலேர்ந்தே தனியா இழுங்க, 555 வழியா போக விடாதீங்க. ரெண்டு 555 ஒரே சப்ளைல இருந்து ஒன்னோட தாளத்துக்கு இன்னொன்னு ஆடுனா, ஒவ்வொன்னுக்கும் அதே 104 தனித்தனியா போடுங்க.

இவ்ளோ பண்ணியும் அடங்கலனா சிங்கப்பூர்ல எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் விக்கிற சிம் லிம் டவர் பக்கம் போறப்போ 555லயே சீமாஸ் (CMOS) வகை கேளுங்க, டிஎல்சி555 இல்லன்னா 7555. பின்னெல்லாம் அதேதான், கழட்டி மாட்டிடலாம், அந்த திடீர் இழுப்பு ரொம்ப கம்மி. ஆனா அவுட்புட்லேர்ந்து வெளிய குடுக்குற கரண்ட்டும் கம்மி, ரிலேன்னா நடுவுல ஒரு டிரான்சிஸ்டர் வேணும். அதுக்கும் 104 போடுங்க, அத விட்றாதீங்க.

ஸ்கோப் (வோல்ட்டேஜ் அலைய திரைல காட்டுற ஆசிலோஸ்கோப்) இருக்கிறவங்க ஏசி கப்ளிங்ல வச்சு 8ஆம் பின்ன பாருங்க, ப்ரோபோட கிரவுண்ட் கிளிப்ப 1ஆம் பின் கிட்டயே மாட்டணும். நீளமா தொங்க விட்டா திரைல பெரிய அலை தெரியும், அதுல பாதி உங்க சர்க்யூட் பண்றதில்ல, அந்த கிளிப் வயரு பண்றது.