பழைய பிரெயில் நோட்டேக்கரில் தமிழ் எழுதலாம், கணினியோடும் சேர்க்கலாம்

உங்கள் கைக்கு ஒரு பழைய பிரெயில்நோட் ஏபெக்ஸ் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வையற்றோர் பிரெயிலில் எழுதவும் படிக்கவும் உதவும் கையடக்கக் கருவி, அதாவது நோட்டேக்கர், இது. வளைகுடாவில் இருக்கும் மாமா வாங்கி அனுப்பியிருக்கலாம், வேலைக்குப் போன அண்ணன் புதியது வாங்கிவிட்டு இதை உங்களுக்குத் தந்திருக்கலாம். 2009-இல் வந்த கருவி, உள்ளே ஓடுவது விண்டோஸ் சிஇ 6.0 என்ற பழைய இயங்குதளம். இன்றைய இணையதளங்களும் மின்னஞ்சலும் அதற்குச் சரிப்படாது. அதற்காகப் பரணில் போட்டுவிடாதீர்கள். அதில் விலை மதிப்புள்ள பாகம் விரலுக்கடியில் புள்ளிகள் ஏறி இறங்கும் அந்தப் பிரெயில் வரி. புதிதாக ஒரு பிரெயில் டிஸ்ப்ளே வாங்கப் போனால் விலையைக் கேட்டதுமே திரும்பி வந்துவிடுவோம்.

முதலில் சார்ஜர். அதில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவு கருவியில் போட்டிருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்வையுள்ள ஒருவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். முனை நுழைகிறது என்பதற்காகக் கிடைத்த சார்ஜரைச் செருக வேண்டாம். பேட்டரி உப்பியிருந்தால் அடிப்பக்கத்தைத் தடவினாலே தெரியும். அப்படியிருந்தால் சார்ஜ் போடாமல், முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

அடுத்தது, உள்ளே இருக்கும் கோப்புகள். வேறு எதிலும் கை வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் எஸ்டி கார்டில் நகலெடுங்கள். 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவான எஸ்டிஎச்சி கார்டு வாங்குங்கள். கடையில் இப்போது எளிதில் கிடைக்கும் 64 ஜிபி கார்டு எஸ்டிஎக்ஸ்சி வகை, இந்தக் கருவிக்கு வேண்டாம்.

பழக ஆரம்பிக்கும்போது மூன்று கட்டளைகள் போதும். ஸ்பேஸோடு ஆறு புள்ளிகளையும் அழுத்தினால் முதன்மை மெனு. ஸ்பேஸோடு இ, அதாவது 1, 5 என்ற எண்ணுள்ள புள்ளிகள், வெளியே வர. ஸ்பேஸோடு எச், 1-2-5, உதவிக்கு. எங்கே மாட்டிக்கொண்டாலும் முதல் கட்டளை உங்களைத் தொடங்கிய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

சரி, தமிழுக்கு வருவோம். கருவிக்குத் தமிழ் தெரியாதே என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். கருவிக்குத் தெரிய வேண்டியதில்லை. புதிய ஆவணம் தொடங்கும்போது டெக்ஸ்ட் ஆவணம் வேண்டாம், பிரெயில் ஆவணத்தைத் தேர்ந்தெடுங்கள். பிரெயில் ஆவணத்தில் நீங்கள் அழுத்திய புள்ளிகள் அப்படியே இருக்கும். டெக்ஸ்ட் ஆவணமோ அவற்றை ஆங்கிலமாக நினைத்து மாற்றிவிடும்.

'அம்மா' என்று எழுதிப் பாருங்கள். அ-வுக்கு 1. மெய்யெழுத்து வருவதால் புள்ளிக்கு முதலில் 4, அப்புறம் ம-வுக்கு 1-3-4. மறுபடி 1-3-4, கடைசியில் ஆ-வுக்கு 3-4-5. இந்திய மொழிகளுக்கான பிரெயில் முறையான பாரதி பிரெயிலில் கற்றதேதான், ஒன்றும் மாறவில்லை. கருவியின் குரல் மட்டும் உளறும். ஆங்கிலச் சுருக்கெழுத்தில் 3-4-5 என்றால் 'ஏ ஆர்', அதனால் அது ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்போலப் படிக்கும். குரலை அணைத்துவிட்டு விரலை நம்புங்கள். பாடக் குறிப்பு, கூட்டத்தில் பேச வேண்டியது, பாட்டு வரிகள் எல்லாவற்றையும் இப்படியே எழுதி வைக்கலாம். பிஆர்எஃப் என்ற பிரெயில் கோப்பு வடிவில் சேமித்தால் பிரெயில் அச்சுப்பொறியிலும் எடுக்கலாம்.

இனி மேம்படுத்துவது. கருவிக்குள் புது மென்பொருள் தேடி அலைய வேண்டாம், கணினியின் மூளையை இதற்குக் கடன் கொடுங்கள். விண்டோஸ் கணினியில், திரையில் இருப்பதைக் குரலிலும் பிரெயிலிலும் தரும் என்விடிஏ திரைவாசிப்பானை இலவசமாக நிறுவலாம். கருவியில் ஸ்பேஸோடு ஓ, 1-3-5, அழுத்தினால் ஆப்ஷன்ஸ் மெனு வரும். அதில், கருவியைக் கணினியின் பிரெயில் டிஸ்ப்ளேயாக மாற்றும் டெர்மினலைத் தேர்ந்தெடுத்து, யுஎஸ்பி-யா புளூடூத்தா என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். என்விடிஏ இந்தக் கருவியைத் தானாகக் கண்டுபிடிக்காது. கணினியில் இன்சர்ட், கண்ட்ரோல், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் ஹியூமன்வேர் பிரெயில்நோட்டையும் சரியான போர்ட்டையும் தேர்ந்தெடுங்கள். கடைசியாக என்விடிஏ அமைப்புகளில் பிரெயில் பகுதிக்குப் போய், எழுத்தைப் புள்ளிகளாக மாற்றும் வெளியீட்டு அட்டவணையைத் தமிழுக்கு மாற்றுங்கள்.

இப்போது தமிழ்ச் செய்தித்தளமும் தேர்வு அறிவிப்பும் வரி வரியாக விரலுக்கு வரும். காதால் கேட்டால் ரகர றகரமும் லகர ளகரமும் கலங்கிப் போகும். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு எழுத்துப் பிழையில்லாமல் எழுத இந்த வரிதான் உதவும். சில பழைய கோப்புகளில் மட்டும் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வரும். அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை, கருவியில் பழுது இல்லை. யூனிகோடுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு கவனிப்பு உண்டு. இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று வேறு. ஒவ்வொரு புள்ளியையும் தூக்குவது சுமார் 200 வோல்ட்டில் வளையும் ஒரு மெல்லிய பீசோ தகடு, ஈரம் அதற்கு ஆகாது. வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நேந்திரங்காய் சிப்ஸ் தின்ற கையோடும் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடும் தொடாதீர்கள். எண்ணெயும் உப்பும் ஊசித் துளைக்குள் இறங்கினால் புள்ளி மந்தமாகும். ஏதாவது ஒரு செல்லில் மட்டும் புள்ளி எழவில்லை என்றால், முதலில் மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள், தண்ணீரோ ஸ்பிரிட்டோ ஊற்ற வேண்டாம். அப்படியும் எழாவிட்டால் பிரெயில் கருவி பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் அந்தச் செல்லை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.