கேம் மியூசிக் ரீமிக்ஸைக் கேட்டுக் கருத்துச் சொல்வது எப்படி?

வடசென்னையில் தாளத்துக்குப் பஞ்சமே கிடையாது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு சந்தில் டோலக்கோ சட்டியோ கேட்கும். அந்தச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் இப்போது போனில் பேண்ட்லேப்பையோ, அண்ணனின் கம்ப்யூட்டரில் எஃப்எல் ஸ்டூடியோவையோ (இரண்டும் இசை செய்யும் மென்பொருள்கள்) திறந்து, சின்ன வயதில் டிவி கேமில் கேட்ட மரியோ, கான்ட்ரா, டெட்ரிஸ் இசையை எடுத்துத் தங்கள் பாணியில் ரீமிக்ஸ் செய்கிறார்கள். முடித்த கையோடு நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வருவது "செம மச்சி", இல்லாவிட்டால் "மொக்க". அதை வைத்துக்கொண்டு மறுநாள் ஃபைலைத் திறந்து எதை மாற்றுவது?

இசை படிக்காதவரும் உருப்படியான கருத்துச் சொல்லலாம். காதும் பொறுமையும் இருந்தால் போதும். கருத்தைப் படித்தவருக்கு அடுத்து எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது தெரிய வேண்டும். கீழே உள்ள எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: சரியான ஃபைல், சரியான இடம்

ஸ்டேட்டஸில் போட்டதைக் கேட்டு மிக்ஸைப் பற்றி, அதாவது ஒலிகள் கலந்திருக்கும் விதத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அங்கே ஒலியின் தரம் குறைந்திருக்கும். ஃபைலை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி போகும்போதோ, கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் ரோட்டிலோ கேட்டுவிட்டு "பேஸ் (அடித்தள ஒலி) பத்தல" என்று சொல்லக் கூடாது. வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒருமுறை ஹெட்போனிலும், ஒருமுறை போன் ஸ்பீக்கரிலும் கேளுங்கள். 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் ஆழமான பேஸ் போன் ஸ்பீக்கரில் ஏறக்குறைய கேட்கவே கேட்காது. ஹெட்போனில் கேட்ட பேஸ் போனில் காணாமல் போகிறது என்றால், அதுவே சொல்ல வேண்டிய ஒரு விஷயம்.

படி 2: முதல் தடவை சும்மா கேளுங்கள்

குறிப்பு எடுக்க வேண்டாம், நடுவில் நிறுத்தவும் வேண்டாம். முடிந்ததும் ஒரே கேள்வி: எந்த இடத்தில் தலை ஆடியது, எந்த இடத்தில் கவனம் போனது? அப்புறம் செய்தவரிடம், "இதை எப்படிக் கொண்டு வரணும்னு நெனச்சே?" என்று கேளுங்கள். திருவிழாவில் ஆட வைக்க நினைத்தாரா, ராத்திரி தனியாகக் கேட்க நினைத்தாரா என்று தெரியாமல் "வேகம் கம்மி" என்பது அர்த்தமில்லாத பேச்சு.

படி 3: அசலைக் கேளுங்கள்

பலர் விட்டுவிடும் படி இது. கேம் இசை ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தால், ரீமிக்ஸில் எது தடுக்கிறது என்பது சட்டென்று பிடிபடும்.

1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸுக்கு இசையமைத்தவர் கோஜி கொண்டோ. அந்த கேம் ஓடிய நின்டெண்டோ பெட்டியில் ஒலிக்கு மொத்தம் ஐந்து சேனல்கள்தான், அதாவது ஒரே நேரத்தில் ஐந்து ஒலிகள்தான்: பல்ஸ் அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, பதிவு செய்த சின்னச் சின்ன ஒலிகளுக்கு ஒன்று. பேஸ் பெரும்பாலும் முக்கோண அலையில் வரும். அந்தச் சேனலில் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியே கிடையாது. ஒலிக்கும், அல்லது நிற்கும். அதனால் அசலில் பேஸ் சுரம் எல்லாம் ஒரே பலத்தில் அடிக்கும். அந்தப் பெட்டியில் அதுவே அழகு.

இதே மெட்டின் மிடி ஃபைலை (ஒலி இல்லாமல் சுரக் குறிப்புகள் மட்டும் இருக்கும் ஃபைல்) இறக்கி, பியானோவோ நாதஸ்வரமோ போட்டு விட்டால் என்ன ஆகும்? எல்லாச் சுரமும் ஒரே அழுத்தத்தில் விழும். ஆள் வாசிக்கிற மாதிரியே இருக்காது. இப்படி ஒரு ரீமிக்ஸ் வந்தால் "உயிர் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். "எல்லாச் சுரத்துக்கும் வெலாசிட்டி (அடிக்கும் அழுத்தம்) ஒன்றாக இருக்கிறது, அடி விழும் சுரத்தைக் கூட்டி மற்றதைக் குறைத்துப் பார்" என்றால் அவர் பத்து நிமிடத்தில் சரி செய்துவிடுவார்.

இன்னொன்று. விளையாடுகிறவர் ஒரு கட்டத்தில் எவ்வளவு நேரம் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கேம் இசை முடிவே இல்லாமல் சுற்றிச் சுற்றி வரும்படி செய்யப்பட்டது. ரீமிக்ஸுக்கு ஒரு ஆரம்பமும் முடிவும் தேவை. அதே லூப் நான்கு தடவை ஓடி, திடீரென்று அறுந்து நின்றால், எத்தனையாவது சுற்றில் உங்களுக்கு அலுத்தது என்று சொல்லுங்கள்.

ஆனால் "அசல் மாதிரி இல்லை" என்பது குறை ஆகாது. அசல் மாதிரியே வேண்டுமென்றால் அசலையே கேட்கலாமே. மெட்டு அடையாளமே தெரியாமல் போய்விட்டால் மட்டும் அதைச் சொல்லுங்கள்.

படி 4: இரண்டாவது தடவை, நேரத்தோடு குறித்துக்கொண்டு

பேப்பரில் நிமிடமும் நொடியும் எழுதி, பக்கத்தில் காதில் விழுந்ததை எழுதுங்கள். முதலில் தாளம். நம்ம பக்கத்து ரீமிக்ஸில் அதிகம் இடிப்பது இங்கேதான்.

டெட்ரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் கேம் பாய் என்ற கையடக்க கேம் கருவிக்கு வந்த டெட்ரிஸில் எல்லோருக்கும் தெரிந்த அந்த மெட்டு, 'கொரோபெய்னிகி' என்ற ரஷ்ய நாட்டுப்புறப் பாட்டு. முதல் சுரம் ஒரு அடி நீளம், அடுத்த இரண்டும் அரை அரை அடி, மறுபடியும் ஒரு நீளம், இரண்டு அரை. அதாவது அடியைச் சரிபாதியாக வெட்டும் மெட்டு. நம்ம குத்து பீட் பெரும்பாலும் அடியை மூன்றாகப் பிரிக்கும்: தகிட தகிட. இரண்டையும் அப்படியே ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், ஒவ்வொரு அடியின் நடுவிலும் சட்டியும் மெட்டும் மோதும். கேட்கிறவருக்குக் காரணம் தெரியாது, "ஏதோ ஒட்டல" என்று மட்டும் தோன்றும்.

தீர்வு இரண்டு உண்டு. அரை அடிச் சுரங்களில் இரண்டாவதைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, நீளம்-குட்டை என்று மெட்டைத் திஸ்ர நடைக்கு, அதாவது அடியை மூன்றாகப் பிரிக்கும் நடைக்கு வளைக்கலாம். அல்லது மெட்டை விட்டுவிட்டு பீட்டை நாலு எண்ணிக்கைக்கு மாற்றலாம். எது வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியவர் செய்தவர்தான். என்னைக் கேட்டால் மெட்டை வளைப்பதே அழகு, டோலக்கை ஏன் கட்டிப்போட வேண்டும்?

அடுத்து, கிக்கும் (டிரம்மின் கனமான 'தும்' அடி) பேஸும். இரண்டும் ஒரே கீழ் அலைவரிசையில் ஒரே நேரத்தில் விழுந்தால் ஒன்றை ஒன்று மறைக்கும். கிக் விழும்போது பேஸ் மங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். கோரஸில் கரகரவென்று கிழிகிற சத்தம் வந்தால், மாஸ்டர் மீட்டர் (மொத்தச் சத்தத்தின் அளவைக் காட்டுவது) சிவப்பைத் தொடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லா டிராக்கையும் சேர்த்துக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரிவெர்ப் (எதிரொலி போன்ற விளைவு) அதிகமாகி எல்லாம் மண்டபத்தில் கேட்பது போல இருந்தால் அதையும் எழுதுங்கள்.

படி 5: எழுதுவது

ஒவ்வொரு குறிப்பிலும் மூன்று விஷயம் வேண்டும்: எந்த இடம், என்ன கேட்டது, என்ன செய்து பார்க்கலாம். நல்லதுக்கும் இதே விதிதான். "சூப்பர்" என்றால் எந்த நொடி சூப்பர் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாற்றத்தில் நல்லதையே அழித்துவிடுவார். ஒரு மாதிரி:

"தம்பி, 0:48-ல டோலக் இறங்குறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் அமைதி விட்டிருக்க பாரு, அது சூப்பர், அதத் தொடாத. 1:12-ல இருந்து மெட்டு பீட்டோட ஒட்டல. டோலக் தகிடன்னு போவுது, மெட்டு நேரா நிக்குது. ஒவ்வொரு ஜோடியிலயும் ரெண்டாவது சுரத்தக் கொஞ்சம் பின்னாடி தள்ளிப் பாரு. 1:40-ல கிக் விழும்போது பேஸக் கொறச்சா ரெண்டும் தனித்தனியாக் கேக்கும்னு நெனக்கிறேன்."

அவ்வளவுதான். உங்கள் பேப்பரில் பன்னிரண்டு குறை இருந்தாலும், பெரிய இரண்டு மூன்றை மட்டும் அனுப்புங்கள். தாளமே ஒட்டாதபோது ரிவெர்ப் பற்றிப் பேசுவது வீண், மெட்டை வளைத்தவுடன் பாதி மிக்ஸ் மாறிவிடும். காரணம் உறுதியாகத் தெரியாவிட்டால், காதில் விழுந்ததை மட்டும் சொல்லுங்கள்: "இந்த இடத்துல எனக்கு மெட்டு கேக்கல" என்பதே போதும், காரணத்தை அவர் கண்டுபிடிப்பார்.

ஆளையும் பாருங்கள். முதல் ரீமிக்ஸ் செய்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே ஒரு குறை போதும். பேண்ட் செட்டில் கீபோர்டு வாசிக்கும் அண்ணனிடம் "இப்படி வெச்சா எப்படி இருக்கும்ணா?" என்று கேள்வியாகக் கேளுங்கள். குறையைத் தனியாக அனுப்புங்கள், பாராட்டைக் குரூப்பில் போடுங்கள்.

படி 6: அடுத்த வெர்ஷன்

புதிய ஃபைல் வந்தால், நீங்கள் சொன்ன நொடிகளை முதலில் கேளுங்கள். பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வையுங்கள். சத்தம் கூடுதலாக இருப்பதே நன்றாக இருப்பதாகக் காது ஏமாற்றும். நீங்கள் சொன்னதை அவர் செய்யாமல் விட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்லும் காரணம் நியாயமாகவும் இருக்கலாம்.

வெளியே போடத் தயாரானால், தலைப்பில் அசல் கேமின் பெயரும் இசையமைப்பாளரின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் போட்டதால் மட்டும் உரிமை வந்துவிடாது என்பதையும் சொல்லுங்கள். காசுக்கு விற்க வேண்டுமென்றால் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும்.