ஊருக்கு எத்தனை மணி நேரம்?

ஷார்ஜா, துபாய் பக்கம் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நம் கொங்குப் பிள்ளைகளுக்கு, முதல் லீவுக்கு டிக்கெட் போடும் முன் ஒரு வார்த்தை.

ஷார்ஜாவிலிருந்து கோயம்புத்தூருக்கு வான்வழியே ஏறக்குறைய 2,770 கி.மீ. நேரடி விமானம் என்றால் நான்கு மணி நேரம், கொஞ்சம் முன்பின். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். நம் ஊர்க் கடிகாரம் இங்கிருப்பதைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரவு 11 மணிக்குக் கிளம்பினால் அங்கே விடிகாலை நாலரை. தேதியும் மாறிவிடும். கார் அனுப்பச் சொல்லும்போது அந்தத் தேதியைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அப்பா முந்தின நாளே வந்து நின்றுகொண்டிருப்பார்.

சென்னை வழியாகப் போனால் விலை குறைகிறதே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சென்னைக்கும் கோவைக்கும் வான்வழியே 400 கி.மீ.தான், விமானமோ மணிக்கு 800 கி.மீ. பறக்கும், அரை மணி நேரத்தில் போய்விடாதா? போகாது. டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல்தான் போட்டிருக்கும். நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருந்து, மேலே ஏறி, இறங்கி, மறுபடி நிற்கும் வரை எல்லாம் அதில் சேர்த்தி. முழு வேகத்தில் பறப்பது நடுவில் கொஞ்ச நேரம்தான். தூரம் குறையக் குறைய இந்த ஏற்ற இறக்கமே பயணத்தைத் தின்றுவிடும்.

இதோடு போகவில்லை. சென்னையில் குடியேற்றச் சோதனை, பெட்டியை எடுத்து சுங்கத்தைத் தாண்டுவது, உள்நாட்டு முனையத்துக்கு நடந்து மறுபடி பெட்டியைப் போடுவது. நான் இரண்டு விமானத்தையும் தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தேன். முதலாவது தாமதம், இரண்டாவது போயே போய்விட்டது, பணமும் திரும்பவில்லை. சென்னை வழிதான் என்றால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள், நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். பகலில் இறங்கினால் மெட்ரோவில் சென்ட்ரல் போய், அங்கிருந்து வந்தே பாரத்தில் கோவைக்கு ஆறு மணி நேரத்துக்குள் வரும் வழியும் உண்டு.

அப்புறம், எல்லோருக்கும் கோவைதான் பக்கம் என்பதில்லை. திருப்பூர், பல்லடம், பொள்ளாச்சி, கோபி, ஈரோட்டுக்காரர்களுக்குச் சரி. கரூர், நாமக்கல்காரர்களுக்குத் திருச்சி நல்லது; அங்கேயும் வளைகுடா விமானம் வருகிறது, கரூருக்குச் சாலையில் 80 கி.மீ. சொச்சம்தான்.

சேலத்துக்காரர்கள் ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறதே என்பார்கள். 2023 அக்டோபரில் மறுபடி திறந்தது, ஆனால் வெளிநாட்டு விமானம் கிடையாது. பெங்களூரிலிருந்து காமலாபுரத்துக்கு வான்வழியே 160 கி.மீ. சொச்சம். ஆனால் வருவது விசிறி வைத்த ஏடிஆர் என்னும் சின்ன விமானம். அதுவும் ஒரு மணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொள்ளும், எல்லா நேரமும் கிடைக்காது. பெங்களூரில் இறங்கி ஐந்து மணி நேரம் அதற்காகக் காத்திருப்பதைவிட, நேராகக் காரில் ஏறினால் அதற்குள் சேலமே வந்துவிடும்.

கோவையில் இறங்கியதும் பெட்டி வர முக்கால் மணி நேரமாவது ஆகும். கார் வராவிட்டால் பீளமேட்டில் அவிநாசி சாலைக்கு வந்து சித்ரா நிறுத்தத்தில் நில்லுங்கள், திருப்பூர், ஈரோடு பஸ் அந்த வழியாகத்தான் போகும்.