ஸ்பானிய இணையருக்கு மாணவர் அறையில் ஒரு தோர்த்தியா

துணை ஸ்பெயின்காரர் என்றால் இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான்; எட்டரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால் போதும். தோர்த்தியா என்பது உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்த கனமான ஸ்பானிய ஆம்லெட்; இருவருக்கு உருளைக்கிழங்கு அரை கிலோ, முட்டை 5. வெங்காயம் சேர்ப்பதா என்று முன்பே கேட்டுவிடுங்கள், ஸ்பெயினில் அது தீராத வழக்கு.

கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மூழ்கும் அளவு ஆலிவ் எண்ணெயில் சிறு தீயில் 20 நிமிடம் வேகவிடுங்கள். சிவந்தால் தீ அதிகம் என்று பொருள். எண்ணெயை வடித்து வையுங்கள், அடுத்த முறைக்கு ஆகும். உப்பிட்டு அடித்த முட்டையில் கிழங்கை 10 நிமிடம் ஊறவிடுங்கள். அவசரப்பட்டால் திருப்பும்போது உடையும்.

20 செ.மீ. ஒட்டாத வாணலி போதும், பெரியதில் தட்டையாகிவிடும். கலவையை அதில் ஊற்றி, ஓரம் இறுகியதும் வாணலியைவிட அகலமான தட்டால் மூடி, ஒரே வீச்சில் கவிழ்த்து, மீண்டும் வாணலிக்குள் சறுக்கிவிட்டு, மறுபுறம் 2 நிமிடம். முதல் தடவை பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் நின்று கவிழ்ப்பது நல்லது.