ஊறுகாய் பாட்டிலுக்கு முதன்முறையாக லேபிள் அச்சிடுவது எப்படி?

வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கத் தொடங்குபவர்களில் பலர், லேபிள் என்றதும் நேராக வடிவமைப்பாளரிடம் போகிறார்கள். அது கடைசிக்குச் சற்று முன்னால் செய்ய வேண்டிய வேலை. பாட்டில், வாசகம், ஒட்டும் தாள் ஆகிய மூன்றும் முடிவாகிவிட்டால் வடிவமைப்பு விரைவாக முடிந்துவிடும். கண்ணாடி பாட்டிலில் விற்கும் மாங்காய் ஊறுகாயை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பொடிக்கும் தேனுக்கும்கூடப் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

1. பாட்டிலை அளந்துகொள்ளுங்கள்

ஒரு காகிதப் பட்டையைப் பாட்டிலைச் சுற்றிப் பிடித்து, முனைகள் சேரும் இடத்தில் கோடு போட்டு அளந்து பாருங்கள். 7 செ.மீ. விட்டமுள்ள பாட்டிலின் சுற்றளவு ஏறக்குறைய 22 செ.மீ. வரும். உயரத்துக்கு, தோள் வளைவையும் அடி வளைவையும் விட்டுவிட்டு, நேராக நிற்கும் பகுதியை மட்டும் கணக்கில் எடுங்கள். வளைவில் ஏறும் லேபிள் சுருங்கி, ஓரம் தூக்கிக்கொள்ளும்.

2. வாசகத்தை எழுதி முடியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள், 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகள் ஆகிய இரண்டும் நம்மைக் கட்டுப்படுத்துகின்றன. உணவின் பெயர், சேர்மானங்கள், ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, எல்லா வரிகளும் உள்ளடங்கிய எம்.ஆர்.பி., தயாரிப்பாளரின் பெயரும் முழு முகவரியும், தயாரித்த நாள், காலாவதி நாள், பேட்ச் எண், வாடிக்கையாளர் தொடர்புகொள்ளும் வழி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம்) முத்திரையுடன் 14 இலக்க உரிம எண், சைவக் குறியீடு எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்குங்கள்.

சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் எழுத வேண்டும். மாங்காய் முதலில், பெருங்காயம் கடைசியில். பொடியில் நிலக்கடலை சேர்த்தால் ஒவ்வாமைக் குறிப்பையும் தவறாமல் போடுங்கள். ஒருவரின் உயிர் அதில் இருக்கிறது. சைவக் குறியீடு பச்சைச் சதுரத்துக்குள் நிரப்பிய பச்சை வட்டம். முகப்புப் பரப்பு 100 சதுர செ.மீ. வரை உள்ள லேபிளில் அந்த வட்டத்தின் விட்டம் குறைந்தது 3 மி.மீ. இருக்க வேண்டும். இந்த விவரங்களைத் தமிழில் மட்டும் அச்சிட்டால் போதாது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருப்பது கட்டாயம். கூடவே தமிழிலும் தாராளமாகப் போடலாம். போட வேண்டும் என்பதே என் விருப்பம், வாங்கிச் சாப்பிடுபவர் படிப்பதற்காகத்தானே லேபிள்?

3. தாளைத் தேர்ந்தெடுங்கள்

சாதாரணக் காகித ஸ்டிக்கர் விலை குறைவு. உலர்ந்த பொடிக்கு அது போதும். ஊறுகாய்க்கு வேண்டாம், நல்லெண்ணெய் ஒரு சொட்டு வழிந்தாலே கறை ஊறிவிடும். பிளாஸ்டிக் படலத்தாலான ஸ்டிக்கரை, அச்சின் மேல் ஒட்டும் மெல்லிய பாதுகாப்புப் படலமான லேமினேஷனுடன் கேளுங்கள். மாதிரித் துண்டு ஒன்றை வாங்கிப் பாட்டிலில் ஒட்டி, எண்ணெய்க் கையால் தேய்த்து, ஓரிரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாருங்கள்.

ஒரு கவனம்: லேமினேஷன் மேல் சாதாரண ரப்பர் ஸ்டாம்ப் மை நிற்காது. நாளும் பேட்ச் எண்ணும் விலையும் மாறிக்கொண்டே இருப்பவை. அவற்றுக்கு வெற்றிடம் விட்டு, படலத்தில் பிடிக்கும் மையால் பிறகு பதியுங்கள்.

4. வடிவமைப்பு

வெட்டும் கோட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் 3 மி.மீ. வண்ணம் நீளட்டும், எழுத்துகள் கோட்டுக்கு உள்ளே 3 மி.மீ. தள்ளி நிற்கட்டும். படங்கள் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), வண்ணம் சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு மை வண்ண முறை). திரையில் பளிச்சென்று தெரியும் ஆரஞ்சு, அச்சில் சற்று மங்கும். பார்கோடு வைப்பதானால் வெள்ளையில் கறுப்பே நல்லது. ஸ்கேனரின் ஒளி சிவப்பு என்பதால் சிவப்புக் கோடுகள் அதற்குத் தெரியாது.

தமிழ் எழுத்துகளில் கூடுதல் விழிப்பு தேவை. பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் யூனிகோட் தமிழை ஒட்டினால், ‘கொ’வின் கொம்பும் காலும் பிரிந்து இடம் மாறி நிற்கும். எழுத்துருவைக் கோடுகளாக, அதாவது எழுத்துகளைப் படம்போல, மாற்றிய பிடிஎஃப் கோப்பை வாங்கி, ஒவ்வொரு சொல்லையும் நீங்களே படியுங்கள்.

5. புரூஃப் (சரிபார்க்கும் மாதிரி அச்சு) பார்த்து ஆர்டர் கொடுங்கள்

கோப்பை 100 சதவீத அளவில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, வெட்டி, பாட்டிலில் ஒட்டிப் பாருங்கள். கை நீட்டும் தூரத்தில் பெயர் தெரிகிறதா? உரிம எண்ணைச் சான்றிதழுடன் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். இந்த வேலையை இன்னொருவரிடமும் ஒருமுறை கொடுங்கள்.

எண்ணிக்கை கூடக்கூட ஒரு லேபிளின் விலை குறையும். சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களில் ஆயிரக்கணக்கில் அடித்தால் மிகவும் மலிவாகத் தோன்றும். ஆனாலும் முதல் ஆர்டரைச் சில நூறோடு நிறுத்தி, டிஜிட்டல் அச்சில் எடுங்கள். முகவரி மாறலாம், எடை மாறலாம், பாட்டிலே கிடைக்காமல் போகலாம். தனி வடிவத்தில் வெட்டுவதற்கு டை (வெட்டும் அச்சு) செலவு தனி. அச்சகத்தில் ஏற்கெனவே உள்ள டைகளில் உங்கள் அளவுக்கு ஒத்தது இருக்கிறதா என்று கேளுங்கள்.

லேபிள்கள் வந்ததும், கட்டின் மேலும் நடுவிலும் அடியிலும் இருந்து ஒவ்வொன்றை எடுத்து, வண்ணமும் வெட்டும் சரியா என்று பாருங்கள். ஒட்டுவதற்கு முன் பாட்டிலின் வெளிப்புறத்தை எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் போகத் துடைத்துவிடுங்கள். இறுதிக் கோப்பின் நகலை அச்சகத்திடம் கேட்டு வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு அச்சகத்துக்குப் போனாலும் வேலை தடைபடாது.