காவடி ஊர்வலத்துக்கு ராணுவக் கட்டளை: எங்கே சறுக்குகிறோம்?

மொரிஷியஸுக்கு ராணுவம் கிடையாது. 1960இல் அமைக்கப்பட்ட சிறப்பு நடமாடும் படையும் போலீஸ் துறையின் ஓர் அங்கம்தான். ஆனாலும் தைப்பூசம் நெருங்கினால் கோயிலுக்கு இரண்டு தளபதிகளாவது முளைத்துவிடுகிறார்கள். கழுத்தில் ஊதல், கையில் அட்டை, குரலில் அதட்டல். ராணுவ முறைப்படி நடத்துகிறோம் என்ற பெருமை வேறு.

ராணுவத்திடம் கற்றுக்கொள்ளத்தக்கது நிச்சயமாக இருக்கிறது. ஆனால் அது அதட்டல் அல்ல. பல நாட்டுப் படைகள் ஐந்து பகுதிகள் கொண்ட கட்டளை வடிவம் ஒன்றைப் பயன்படுத்துகின்றன. நிலவரம், இலக்கு, செயல்முறை, வழங்கல், தலைமையும் தொடர்பும் என்பவையே அந்த ஐந்து. இருநூறு பேர் காவடியும் பால் சொம்பும் சுமந்து ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்கு வரும் ஊர்வலத்தை இந்த ஐந்தில் அடக்கி ஒரே தாளில் எழுதிவிடலாம். படைவீரனைச் சம்பளமும் சட்டமும் பல மாதப் பயிற்சியும் கட்டிவைத்திருக்கின்றன. தொண்டரோ விரதமிருந்து, விடுப்பு எடுத்து, தாமாக வந்தவர். எல்லார் முன்னிலையிலும் அவரைத் திட்டினால், ஊதலை நம்மிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவர் செய்தது சரிதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ‘எதற்காக’ என்பதைச் சொல்லாமல் வேலையை மட்டும் பங்கிட்டுக் கொடுப்பது. இலக்கு என்பது ஒரே வாக்கியம். யார், என்ன, எங்கே, எப்போது, எதற்காக என்ற ஐந்துக்கும் அதில் விடை இருக்க வேண்டும். சில படைகளில் அதை இரண்டு முறை உரக்கப் படிக்கிறார்கள். நம் தாள்களில் பெரும்பாலும் இருப்பது, ‘தண்ணீர்க் குழு முச்சந்தியில் நின்று சாலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும்’ என்ற அளவுதான்.

இது எங்கே உடைகிறது என்று பாருங்கள். ஆம்புலன்ஸ் ஒன்றுக்கு வழிவிடப் போலீஸார் ஊர்வலத்தைப் பாதியில் நிறுத்துகிறார்கள். முன்வரிசை முச்சந்திக்கு நாற்பது மீட்டர் முன்னதாகவே நின்றுவிடுகிறது. ஜனவரி வெயிலில் தார் கொதிக்கிறது. வெறுங்காலோடு நிற்பவர் நாக்கில் அலகு குத்தியிருக்கிறார். தண்ணீர் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவும் முடியாது, கால் மாற்றி மாற்றி நிற்கிறார். முச்சந்தியில் நிற்கும் பையனோ, சொன்னபடி, ஏற்கெனவே நனைந்த சாலையையே நனைத்துக்கொண்டிருக்கிறான். அவன்மேல் குற்றமில்லை. ‘காவடி எடுப்பவர்களின் கால் சுடாதபடி’ என்ற மூன்று நான்கு சொற்கள் அவன் காதில் விழுந்திருந்தால், யாரையும் கேட்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான்.

19ஆம் நூற்றாண்டுப் பிரஷ்யப் படையில் இந்தச் சிந்தனை வேரூன்றியது. எதிரியின் பெரும்படையை முதலில் சந்திக்கும் கட்டத்துக்கு அப்பால் எந்தத் திட்டமும் உறுதியாகச் செல்லாது என்று அதன் தலைமைத் தளபதி மோல்ட்கே எழுதினார். அதனால் நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லி, வழியைக் கீழே இருப்பவரின் முடிவுக்கு விடுவது அங்கே பழக்கமாயிற்று. நாமோ ராணுவ ஒழுங்கு என்ற பெயரில் நேர்மாறாகச் செய்கிறோம். யார் எந்தக் கையில் வாளி பிடிப்பது என்பதுவரை எழுதிவிட்டு, நோக்கத்தை விட்டுவிடுகிறோம்.

அடுத்தது நேரம். படைகளில் ஒரு கணக்கு உண்டு: கிடைத்த காலத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தலைவர் தம் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், மீதி இரண்டு பங்கு அதை நிறைவேற்றுபவர்களுக்கு. கொடியேற்றத்துக்குப் பிறகு ஒன்பது நாள் இருக்கிறது என்றால், மூன்றாம் நாள் முடிவதற்குள் கட்டளை குழுத் தலைவர்களின் கைக்கு வந்துவிட வேண்டும். அதற்கும் முன்பே, ‘தண்ணீர்க் குழுவுக்கு எட்டுப் பேர் வேண்டும், லாரிக்குச் சொல்லி வையுங்கள்’ என்று ஒரு முன்னறிவிப்பு. நம் ஊரில் நடப்பது தெரிந்ததுதானே? எட்டு நாள் செயற்குழு விவாதிக்கும். முந்தின இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் நான்கு பக்கம் வரும்.

நிலவரப் பகுதியைச் சொற்பொழிவாக்குவதும் பரவலான பிழை. முருகன் பெருமையும் முன்னோர் வந்த கப்பலும் அங்கே வேண்டாம், அவற்றுக்கு மேடை இருக்கிறது. அங்கே வேண்டியவை: வழியில் நிழல் எங்கே, அதே சாலையில் அன்று வேறு கோயில் ஊர்வலம் வருகிறதா, போலீஸார் எந்தத் திருப்பத்தை மூடுகிறார்கள், வானிலை என்ன. தைப்பூசம் நமக்குப் புயல் பருவத்தின் நடுவில் வருகிறது. 2024இல் பெலால் புயலின் வெள்ளம் தலைநகர் போர்ட் லூயிஸில் புகுந்தது ஜனவரி 15 அன்று; தைப்பூசம் 25 அன்று. மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்தால் பஸ் ஓடாது. எந்த எச்சரிக்கைக்கு என்ன முடிவு, அதை யார் அறிவிப்பார் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதாத கட்டளை அரைக் கட்டளைதான்.

வழங்கலை யாரும் மறப்பதில்லை. ஏழு வகை மரக்கறியும் வாழையிலையும் நம்மவர்களுக்குக் கைவந்த கலை. தொடர்பில்தான் கோட்டை விடுகிறோம். மேளமும் ஒலிபெருக்கியும் முழங்கும்போது கைபேசி அடிப்பது யாருக்குக் கேட்கும்? கைபேசி பயன்படாவிட்டால் கைக்கொடி, அதுவும் இல்லையென்றால் சைக்கிளில் ஓர் ஆள் என்று வரிசையாக மாற்று வழி இருக்க வேண்டும். தலைவரே காவடி எடுக்கிறார் என்றால், அன்றைக்கு அவர் தலைவர் அல்ல. பொறுப்பு யாருக்கு மாறுகிறது என்று தாளில் பெயர் இருக்கட்டும்.

கட்டளையைப் படித்து முடித்து ‘புரிந்ததா?’ என்று கேட்பது வீண். எல்லாரும் தலையாட்டுவார்கள், பெரியவர் முன் புரியவில்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ‘நீ என்ன செய்யப்போகிறாய், சொல் பார்க்கலாம்’ என்று ஒவ்வொரு குழுத் தலைவரையும் திருப்பிச் சொல்லச் சொல்வதுதான் படைகளின் வழக்கம். இன்னொன்று, சிலர் கோபித்துக்கொண்டாலும் சொல்லியாக வேண்டும்: வீட்டில் கிரியோல் மொழி பேசும் இளைஞர்களுக்குக் கட்டளையைக் கிரியோலில் கொடுங்கள். தேவாரம் தமிழில் இருக்கட்டும். வாளி எங்கே போக வேண்டும் என்பது உடனே புரிய வேண்டிய செய்தி.

ஊர்வலம் முடிந்தபின் கூடிப் பேசுவதை விசாரணை மன்றமாக்கிவிடுவதும் உண்டு. அமெரிக்கப் படை 1970களில் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறையில் கேள்விகள் நான்குதான்: என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன மாற்றலாம். ‘யாரால்’ என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு வாரத்துக்குத் தள்ளிப் போட்டால் பாதி மறந்துபோகும். மறுநாள் பாத்திரம் கழுவ வருகிறவர்களை வைத்தே பேசிவிடலாம். வயதில் குறைந்தவரை முதலில் பேசவிடுங்கள், தலைவர் கடைசியில் பேசட்டும். எழுதிய குறிப்பை அடுத்த ஆண்டின் நிலவரப் பகுதிக்கென்று தனியே எடுத்து வைத்தபிறகு வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிடலாம்.